பொதிகை மலையும் ஒரு புட்டிக் காற்றும்

தென்றல் பிறக்கும் மலை, அகத்தியர் உறைந்த மலை, தாமிரபரணியின் தாய்வீடு என்றெல்லாம் பொதிகையைப் பற்றி நீங்கள் பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். பெயரை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று வந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால், பொதிகையின் உச்சியான அகத்தியமலையில் கால் வைத்தவர் ஒருவர் இருப்பதே அரிது. அங்கே சாலை இல்லை, விடுதி இல்லை, கடை இல்லை. காட்டுக்குள் இரண்டு நாள் நடக்க வேண்டும்.

இம்மலையின் உயரம் 1,868 மீட்டர். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8.6 பாகை வடக்கே, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் கூம்பு போல எழுந்து நிற்கிறது. கிழக்குச் சரிவு நம் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. மேற்குச் சரிவு திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையேறுவோருக்கு ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் கேரள வனத்துறை அனுமதி தருகிறது. போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்துக்கு அருகில் நடை தொடங்குகிறது. முன்னாளில் பெண்களை இங்கே அனுமதிப்பதில்லை. நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக 2019 முதல் அவர்களும் ஏறி வருகின்றனர்.

2020 ஜனவரியில் எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் அறுவருடன் நான் அங்கே சென்றேன். அவர்களில் இருவர் மாணவியர். காற்றழுத்தம், வெப்பநிலை ஆகியவை உயரத்தோடு எவ்வாறு மாறுகின்றன என்பதை நேரில் அளந்து பார்ப்பது எங்கள் திட்டம். கருவிகள் மிக எளியவை: இரண்டு வெப்பமானிகள், ஓர் ஈரக்குமிழ் வெப்பமானி, திருகு மூடியுள்ள ஒரு லிட்டர் புட்டி ஒன்று. அந்த வெற்றுப் புட்டி எங்களுக்குச் சொன்ன செய்திகள் இரண்டு. ஒன்று நாங்கள் எதிர்பார்த்தது. மற்றொன்றை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

வியர்வை செய்த உதவி

போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். முதல் பாதி ஓடைகளும் மரநிழலும் நிறைந்த பாதை. பிறகு புல்வெளி வருகிறது. அங்கே நிழல் கிடையாது. நண்பகல் வெயிலில் அந்தப் புல்வெளியைக் கடந்தபோது சட்டைகள் வியர்வையில் ஊறிவிட்டன. கம்பளிச் சட்டைகளையும் மழைக்கோட்டுகளையும் சுமந்து வந்ததை எண்ணி மாணவர்கள் தங்களைத் தாங்களே நொந்துகொண்டனர்.

வியர்வை ஏன் உடலைக் குளிர்விக்கிறது? நீர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீர் நம் தோலின் வெப்பநிலையில் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். ஒரு கிராம் நீரைப் பூச்சியம் பாகையிலிருந்து நூறு பாகை வரை சூடாக்க 100 கலோரிதான் தேவை. அதே ஒரு கிராமை ஆவியாக்க அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தேவைப்படுகிறது! ஏற்றத்தில் நடப்பவனின் தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை வியர்வை இவ்வாறு வாங்கிக்கொண்டு போகிறது. அன்று எங்களைக் காத்தது இந்த 580 என்னும் எண்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இதே எண்ணை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

கதிரவனை நெருங்கினால் குளிருமா?

மாலையில் அதிருமலையை அடைந்தபோது குளிர் தொடங்கிவிட்டது. மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேலே ஏறினால் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம். அப்படியானால் சூடுதானே அதிகமாக வேண்டும், சார்?"

நல்ல கேள்வி. கதிரவன் இருப்பது 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். நாம் ஏறுவது இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. எனவே நெருங்கியதால் வரும் வேறுபாடு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கதிரவன் ஒளியின் பெரும்பகுதி காற்றை ஊடுருவித் தரையைத்தான் சுடவைக்கிறது. காற்று வெப்பத்தைப் பெறுவது பெரும்பாலும் கீழேயுள்ள தரையிடமிருந்து. ஆகவே அடுப்பு கீழே இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

சூடான காற்று மேலே எழும்போது மற்றொன்றும் நிகழ்கிறது. உயரே அழுத்தம் குறைவு. ஆகவே எழும் காற்று விரிவடைகிறது. விரிவதற்குச் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அது ஒரு வேலை. அந்த வேலைக்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவழிப்பதால் காற்று குளிர்கிறது. சைக்கிள் பம்பை அழுத்தும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? இது அதற்கு நேர்மாறான நிகழ்ச்சி. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் எழுந்தால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. ஈரப்பதம், காற்றோட்டம் முதலியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நம்மைச் சூழ்ந்த காற்றில் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது. கடற்கரையில் 30 டிகிரி இருக்கும்போது பொதிகை உச்சியில் 18 டிகிரியை எதிர்பார்க்கலாம்.

'பதினெட்டு டிகிரிதானே! அதில் என்ன அச்சம்?' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம்

அன்று இரவு மாணவர்களுக்கு ஒரு பழைய வரலாற்றைச் சொன்னேன். ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் 1852 இல் திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநராக வந்தார். பூமியின் காந்தப்புலமும் காற்றுமண்டலமும் நாள்தோறும் அடையும் மாறுதல்களை அளப்பது அவருடைய பணி. சமவெளியில் அளந்தால் போதாது, அதே நேரத்தில் மலையுச்சியிலும் அளந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும் என்று அவர் கருதினார். அதற்காக 1855 இல் இதே அகத்தியமலையின் மேல் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். இரு நிலையங்களிலும் எடுத்த காந்த அளவீடுகள் 1874 இல் நூலாக வெளிவந்தன.

இன்றும் இரண்டு நாள் நடக்க வேண்டிய இடம் அது. அன்று வழியே இல்லாத காட்டில், நுட்பமான கருவிகளையும் கட்டடப் பொருள்களையும் உள்ளூர் மக்கள் தோளில் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள். நூலில் பெயர் இருப்பது பிரௌனுக்கு. ஆனால் அந்தத் தோள்கள் இல்லாவிட்டால் ஓர் எண்கூட எழுதப்பட்டிருக்காது.

இந்தக் கதையைச் சொன்ன உற்சாகத்தில் நான் இரண்டு தவறுகளைச் செய்தேன். "நாளை ஆறு கிலோமீட்டர்தான் ஏற்றம், கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய பாறைகளும் உண்டு. ஆகவே சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். பிள்ளைகள் கம்பளிச் சட்டைகளை முகாமிலேயே விட்டுவிட்டனர். அடுத்த தவறு, காலையில் வெப்பமானிகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் நேரத்தைக் கழித்தது. ஆறரை மணிக்குப் புறப்பட வேண்டியவர்கள் எட்டரைக்குப் புறப்பட்டோம். எங்கள் வழிகாட்டி, காணிக்கார இனத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், "வெயில் ஏறினா மஞ்சு வந்துடும் சார்" என்று இரண்டு முறை சொன்னார். மஞ்சு என்பது மேகம். நான் கருவிகளிலேயே கண்ணாக இருந்தேன்.

மேகம் வரும் நேரம்

அந்தப் பெரியவர் சொன்னதன் அறிவியலைக் காண்போம். இரவில் மலைச் சரிவுகள் குளிர்கின்றன. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கை நோக்கி வழிகிறது. ஆதலால் விடியற்காலையில் உச்சி பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகின்றன. கீழிருந்து ஈரக்காற்று சரிவின் வழியே மேலே ஏறத் தொடங்குகிறது. மேற்கே அரபிக் கடல் அருகிலேயே இருப்பதால் அந்தக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

எவ்வளவு உயரத்தில் அது மேகமாகும்? கீழே காற்றின் வெப்பநிலை 30 டிகிரி என்றும், அதன் பனிநிலை 22 டிகிரி என்றும் கொள்வோம். பனிநிலை என்பது காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. எழும் காற்று கிலோமீட்டருக்கு 10 டிகிரி குளிர்கிறது. பனிநிலையும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 டிகிரி இறங்குகிறது. எனவே இரண்டுக்கும் இடையேயுள்ள 8 டிகிரி இடைவெளி ஒரு கிலோமீட்டர் உயரத்தில் மறைந்துவிடும். அங்கே மேகம் பிறக்கிறது. பொதிகையின் உச்சியோ அதற்கு மேலும் 868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது! முற்பகலில் அது மேகத்துக்குள் முழுகுவதில் வியப்பென்ன?

நீராவி துளியாகும்போது, முன்பு ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. அந்தக் கடனை நம்பித்தான் மேகம் மேலும் மேலும் எழுகிறது. கடல் நீரைத் தூக்கி மலையில் ஊற்றும் எந்திரம் இதுவே. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டிலும் இம்மலை மழை பெறுகிறது. அதனால்தான் இதன் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி, 128 கிலோமீட்டர் ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரை நெல்லைச் சீமையை வாழவைக்கிறது.

மூட முடியாத மூடி

பத்தே முக்கால் மணிக்கு, கயிறு கட்டிய பாறைகளில் கடைசிப் பாறைக்குக் கீழே நின்றோம். காடு முடிந்து, இடுப்பளவே உயர்ந்த குட்டை மரங்களும் மொட்டைப் பாறையுமாக இருந்தது அவ்விடம். அதுவரை தெரிந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கு ஐந்து நிமிடத்தில் மறைந்தது. வெண்ணிற இருட்டு. தூறல். அதனுடன் பலமான காற்று. வெப்பமானி 16 டிகிரியைக் காட்டியது.

'மேகம் விலகும் வரை காத்திருப்போம், அதற்குள் புட்டிச் சோதனையை முடித்துவிடுவோம்' என்று முடிவு செய்தேன். புட்டியைத் திறந்து, அவ்விடத்துக் காற்றை நிரம்பவிட்டு, மூடியை இறுக மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தப் பொறுப்பு ஒரு மெலிந்த மாணவனுடையது. அவன் மூடியைப் பொருத்தினான், அது நழுவியது. மறுபடியும் பொருத்தினான், கோணலாகச் சென்றது. மூன்றாம் முறை மூடி கையிலிருந்தே விழுந்துவிட்டது.

"ஒரு மூடியைத் திருகத் தெரியாதா?" என்று அதட்டினேன். அவன் பதில் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

பெரியவர் என்னைத் தாண்டி வந்து அவன் விரல்களைப் பற்றிப் பார்த்தார். "சார், தம்பிக்குக் குளிரு உள்ள ஏறிட்டு. மேல வேண்டாம். இறங்கிடுவோம்" என்றார்.

அப்போதுதான் நான் அவனை ஓர் ஆசிரியனின் கண்ணால் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. உடல் நடுங்கியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சற்றுத் தாமதித்தே திரும்பினான். ஏற்றத்தில் ஊறிய வியர்வையும் தூறலும் சேர்ந்து பருத்திச் சட்டையும் பனியனும் உடலோடு ஒட்டிக் கிடந்தன.

என்ன நிகழ்ந்தது? ஒரு கணக்குப் போடுவோம். நனைந்த சட்டையும் பனியனும் 300 கிராம் நீரைப் பிடித்திருப்பதாகக் கொள்வோம். அது உலர 300 × 580 = 1,74,000 கலோரி வேண்டும்; அதாவது ஏறத்தாழ 7,30,000 ஜூல். அசையாமல் நிற்கும் மனிதனின் உடல் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தையே உண்டாக்குகிறது. எனவே அந்தச் சட்டையை உலர்த்த உடல் இரண்டு மணி நேரம் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் தேவை! காற்றோ அதை ஒரு மணி நேரத்தில் பறிக்கப் பார்க்கிறது. நடக்கும்போது தசைகள் இந்த இழப்பை ஈடுசெய்தன. நின்றவுடன் வரவு குறைந்தது. செலவு மட்டும் நிற்கவில்லை. முதல் நாள் எங்களைக் காத்த அதே 580, இப்போது அவனைக் கொள்ளையடித்தது.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். மேகத்துக்குள் காற்று ஏற்கனவே நீராவியால் நிறைந்திருக்கிறதே, அங்கே ஈரச் சட்டை எப்படி உலரும்? சட்டை உடலின் சூட்டால் மேகத்தைவிடச் சற்று வெம்மையாக இருக்கிறது. வெம்மையான நீர்ப்பரப்பின் ஆவியழுத்தம் குளிர்ந்த காற்றின் ஆவியழுத்தத்தைவிட மிகுதி. எனவே ஆவியாதல் தொடர்கிறது. அதோடு, உலர்ந்த துணியின் இழைகளுக்கு இடையே தங்கும் காற்றுதான் நம்மைக் குளிரிலிருந்து காப்பது. அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக அது வெப்பத்தைக் கடத்திவிடுகிறது.

நம் உடலின் உள் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. முதலில் நடுக்கம் வரும். விரல்கள் சொன்னபடி கேட்கமாட்டா. பிறகு பேச்சு குழறும், நடை தடுமாறும். அறிவு மங்குவதால், தனக்கு ஆபத்து என்பதே அவனுக்குத் தெரியாது. அருகில் இருப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். பனி மூடிய மலைகளில்தான் இது நேரும் என்று எண்ணுவது தவறு. ஈரமும் காற்றும் சேர்ந்தால் பத்துப் பதினைந்து டிகிரியிலும் நேரக்கூடும். கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய இடத்தில் விரல்கள் மறுத்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இறங்கினோம்

எங்களுக்கு மேலே ஒரு பாறை. அதற்கு மேலே உச்சி. அண்ணாந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "இறங்கலாம்" என்றேன். யாரும் மறுக்கவில்லை.

சற்றுக் கீழே மரங்கள் அடர்ந்த ஒரு மடிப்பில் காற்று அறவே அடங்கியிருந்தது. அங்கே அவனுடைய ஈர உடைகளைக் களைந்து, ஒருவனிடமிருந்த உலர்ந்த துண்டையும் பெரியவரின் கம்பளியையும் சுற்றினோம். அவன் தெளிவாகப் பேசுவதைப் பார்த்த பின், பிளாஸ்கிலிருந்த கருப்பட்டிக் காப்பியைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தோம். கைகால்களைத் தேய்க்கப் போன ஒரு மாணவனைத் தடுத்தேன். அது கூடாது, தேய்ப்பதால் கைகால்களில் குளிர்ந்திருக்கும் இரத்தம் விரைந்து நெஞ்சுப் பகுதிக்குத் திரும்பித் தீங்கு செய்யலாம். அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. "மூடி எங்கே சார்?" என்பதே அவன் கேட்ட முதல் கேள்வி.

மூடியைப் பெரியவர் எடுத்து வைத்திருந்தார். புட்டியையும் அங்கேயே, பாறையடியில், அவரே இறுக மூடிவிட்டிருந்தார். எங்கள் சோதனையை முடித்தவர் அவர்தான்.

புட்டி சொன்ன உயரம்

ஊர் திரும்பியபோது புட்டி இருபுறமும் ஒடுங்கிப் போயிருந்தது. அதன் வாயை வாளி நீருக்குள் அமிழ்த்தி மூடியைத் திறந்தோம். 'குபுக்' என்று நீர் உள்ளே பாய்ந்து புட்டி நிமிர்ந்தது. உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாகும்படி பிடித்து மூடி, உள்ளே புகுந்த நீரை அளந்தோம்: 155 மில்லிலிட்டர். அதாவது மலையில் 1,000 மில்லிலிட்டராக இருந்த காற்று இங்கே 845 ஆகச் சுருங்கிவிட்டது.

மலையில் வெப்பநிலை 16 டிகிரி, அதாவது 289 கெல்வின். ஆய்வுக்கூடத்தில் 29 டிகிரி, அதாவது 302 கெல்வின். பாயில் விதியையும் சார்லஸ் விதியையும் சேர்த்துப் பயன்படுத்தினால்,

மலையின் அழுத்தம் ÷ தரையின் அழுத்தம் = 0.845 × 289 ÷ 302 = 0.809

தரையில் அழுத்தம் 1,010 மில்லிபார். எனவே மலையில் 817 மில்லிபார். வேறுபாடு 193. இந்த உயர எல்லைக்குள் சராசரியாக 9.5 மீட்டருக்கு ஒரு மில்லிபார் குறைகிறது. ஆகவே நாங்கள் நின்ற இடத்தின் உயரம் 193 × 9.5, அதாவது ஏறத்தாழ 1,830 மீட்டர்.

"உச்சிக்கு இன்னும் 38 மீட்டர்தான் இருந்திருக்கிறது, சார்" என்றான் அந்த மாணவன். குரலில் வருத்தம் தெரிந்தது. தன்னால்தானே எல்லோரும் திரும்ப நேர்ந்தது என்ற வருத்தம்.

"வெப்பமானியில் ஒரு டிகிரி பிழை இருந்தால் விடையில் எத்தனை மீட்டர் மாறும், கணக்கிட்டுப் பார்" என்றேன். கணக்கிட்டான். ஏறத்தாழ 27 மீட்டர். நீரை அளந்ததில் ஐந்து மில்லிலிட்டர் பிழை இருந்தால் மேலும் 45 மீட்டருக்கு மேல் மாறும். நாங்கள் உச்சியைத் தொட்டோமா, தொடவில்லையா என்பதைச் சொல்லும் அளவுக்கு அந்தப் புட்டி கூர்மையான கருவி அன்று. ஆனால் ஒருவனுடைய விரல்கள் குளிர்ந்துவிட்டன என்பதை அது மிகச் சரியாகவே காட்டியது. நான்தான் அந்த அளவீட்டைக் குறித்துக்கொள்ளத் தவறினேன்.

நீங்களும் ஒருநாள் மலையேறச் செல்வீர்கள். விடியலில் புறப்படுங்கள். ஒரு மாற்றுச் சட்டையும் கம்பளியும் நனையாத பையில் இருக்கட்டும், கீழே எவ்வளவு வெயிலடித்தாலும் சரி. நின்று இளைப்பாறும் இடத்தில் உடன் வருபவரின் கையைப் பற்றிப் பாருங்கள். அவ்விடத்து மக்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உச்சிக்குப் போக முடியாதவர்களும் இச்சோதனையைச் செய்யலாம். கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போகும்போது ஒரு புட்டியை அங்கே மூடி, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, ஊருக்கு எடுத்து வாருங்கள். உள்ளே புகும் நீரை அளந்து அவ்வூரின் உயரத்தைக் கணக்கிடுங்கள். உங்கள் விடை ஐம்பது அறுபது மீட்டர் தவறினால் கவலை வேண்டாம். அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். சோதனை அங்கேதான் தொடங்குகிறது.